பூட்டு யாருடைய பொறுப்பு?
மறையீட்டு மென்பொருள் நூலகங்களும் இழைகளின் சிக்கலும் – ஒரு வரலாற்று நோக்கு

கணினித் தொழில்நுட்பத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே அதனை அமைத்துக்கொள்கின்றனர். எந்தப் பொறி எந்த ஆண்டில் தோன்றியது, எந்த நிறுவனம் எதனை முந்தியது என்ற விவரங்களால் அவ்வரலாறுகள் நிரம்பியுள்ளன. பழுதுகளின் வரலாறு அரிதாகவே எழுதப்படுகிறது. ஒரு பழுது நேர்ந்தவிடத்து அதற்குப் பொறுப்பாளி யார் எனத் தீர்மானிக்கப்பட்ட முறைமையின் வரலாறு இன்னும் அரிது. ஆயினும் ஒரு தொழில்நுட்பத்தின் பின்னே இயங்கும் உழைப்புப் பிரிவினையை அறிந்துகொள்வதற்கு இவ்வினாவை விடப் பொருத்தமான வாயில் இல்லை எனலாம். மறையீட்டு மென்பொருள் நூலகங்களைப் பல இழைகள் ஒருங்கே பயன்படுத்தும்போது எழுந்த சிக்கல்களை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சில சொற்களை முதலில் விளக்கிக்கொள்ளுதல் நன்று. மென்பொருள் நூலகம் என்பது பல நிரல்களுக்கும் பொதுவாகத் தேவைப்படும் பணிகளை ஒருமுறை எழுதி, பிறர் எடுத்தாளுமாறு திரட்டி வைத்த தொகுதியாகும். அவற்றுள் மறையீட்டு நூலகம் செய்தியை மறைபொருளாக்குதல், மீட்டல், ஒப்பமிடுதல், எதிர்வுகூறவியலாத எண்களை உண்டாக்குதல் ஆகிய பணிகளை ஆற்றுவது. வங்கியின் கணக்கேடு, மருத்துவமனையின் பதிவு, காதலர் பரிமாறிக்கொள்ளும் கடிதம் யாவும் இன்று இத்தகைய நூலகம் ஒன்றினூடாகவே செல்கின்றன. இழை என்பது ஒரே நிரலுக்குள் தனித்தனியே ஓடும் வேலைத் தொடர். ஒரு நிரலின் இழைகள் யாவும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. இப்பகிர்வே அவற்றின் பலம். அவற்றின் நோயும் அதுவே. இரண்டு இழைகள் ஒரே இடத்தில் ஒரே கணத்தில் எழுத முற்படின் விளைவு எதுவாக இருக்கும் என எவராலும் சொல்லவியலாது.

இச்சிக்கலை முறைப்படி வரையறுத்துத் தீர்வு கண்டோருள் முதன்மையானவர் ஒல்லாந்துக் கணித அறிஞரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1965இல் அவர் வெளியிட்ட மிகச் சிறிய கட்டுரையொன்று ‘ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே’ என்ற நிபந்தனையை நிறைவேற்றும் வழியைக் காட்டிற்று. தமது கருவிக்கு அவர் இட்ட பெயர் புகையிரதப் பாதையின் கைகாட்டிக் கம்பத்தைக் குறிப்பதாகும். நமது மலைநாட்டுப் பாதையில் பயணஞ் செய்தோர், நிலைய அதிபர் வளையத்திற் கோத்த அனுமதிச் சின்னத்தை ஓடும் வண்டியின் சாரதியிடம் கொடுப்பதைக் கண்டிருப்பர். அச்சின்னம் கையிலில்லாத வண்டி அடுத்த நிலையம்வரையுள்ள ஒற்றைப் பாதையில் புகமுடியாது. நிரலாளர் பூட்டு என வழங்குவது இச்சின்னத்தைத்தான். ஆனால் ஒரு வேறுபாடு மனங்கொளத்தக்கது. புகையிரதப் பாதையில் சின்னத்தை வழங்கும் பொறுப்பு பாதையை நடத்தும் திணைக்களத்துக்குரியது. பயணியிடம் ‘சின்னத்தை நீரே கொண்டுவாரும்’ என எவரும் சொல்வதில்லை. மறையீட்டு நூலகங்களின் வரலாற்றிலோ ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவ்வாறுதான் சொல்லப்பட்டது.

அது எவ்வாறு நேர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள 1990களின் நடுப்பகுதிக்குச் செல்லவேண்டும். இணையத்தில் வணிகம் நடத்த விரும்பிய நெற்ஸ்கேப் நிறுவனம் பாதுகாப்பான தொடர்புக்குரிய எஸ்.எஸ்.எல். என்னும் நெறிமுறையை 1995இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஐக்கிய அமெரிக்காவின் சட்டமோ வலிமையான மறையீட்டை ஆயுத தளபாடங்களின் வரிசையில் வைத்து அதன் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. பிற நாட்டவருக்குக் கிடைத்தது வலிமை குறைக்கப்பட்ட வடிவமே. இத்தடையைத் தாண்டும் வழி அமெரிக்காவுக்கு வெளியே எழுதுதலாகும். அவுஸ்திரேலியாவில் எரிக் யங், ரிம் ஹட்சன் என்னும் இருவர் 1995இல் அந்நெறிமுறையைத் தாமாகவே நிரலாக்கி எவரும் எடுத்தாளுமாறு வெளியிட்டனர். எஸ்எஸ்எல்ஈஏவை என்ற அதன் பெயரின் கடைசி மூன்று எழுத்துகள் யங்கின் பெயரெழுத்துகளே. 1998இன் பிற்பகுதியில் அவ்விருவரும் வணிக நிறுவனமொன்றிற் சேர்ந்தனர். அவர்கள் விட்ட பணியை வேறு சிலர் கையேற்று, அவ்வாண்டு டிசம்பரில் ஓபன் எஸ்.எஸ்.எல். என்னும் பெயரில் தொடர்ந்தனர். ஒரு பேரரசின் ஏற்றுமதிச் சட்டமும் இரு தனிமனிதரின் ஓய்வுநேர உழைப்பும் சந்தித்த இடத்தில் உலகின் பொதுச் சொத்தொன்று பிறந்தது எனலாம்.

இவ்வாறு பிறந்த நூலகம் எங்கும் ஓடவேண்டியிருந்தது. யூனிக்ஸின் பல கிளைகளிலும், விண்டோஸிலும், இன்று பெயர் மறந்துபோன பல பொறிகளிலும் அதனை நாடினர். அக்காலத்தில் இழைகளுக்கென ஒரு பொதுமுறை வேரூன்றியிருக்கவில்லை. விண்டோஸ் ஒருவகை இழையை வைத்திருந்தது. சொலாரிஸ் வேறொருவகையை வைத்திருந்தது. யூனிக்ஸ் உலகுக்கான பொது நியமம் 1995இலேதான் ஏற்கப்பட்டது. லினக்ஸில் அது செம்மையாக அமைவதற்கு 2003 வரையிற் காத்திருக்க நேர்ந்தது. மேலும் அன்றைய வலைச் சேவையகங்களுட் பெரும்பாலானவை இழைகளைப் பயன்படுத்தவேயில்லை. அப்பாச்சி சேவையகத்தின் முதற் பரம்பரை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனிச் செயன்முறையை ஒதுக்கியது. தனிச் செயன்முறைகளுக்குத் தனி நினைவகம் உண்டாதலின் அவை ஒன்றையொன்று மிதித்துக்கொள்வதில்லை. ஆகவே நூலகத்தை ஆக்கியோர் எந்த வகைப் பூட்டையும் தேர்ந்துகொள்ளாது, பூட்டை வழங்கும் பொறுப்பைப் பயன்படுத்துவோரிடமே விட்டனர். அன்றைய நிலையில் அது தவறான முடிவன்று என்பதே எமது கருத்து.

அப்பொறுப்பு எவ்வடிவில் வழங்கப்பட்டது என்பது சற்று விரிவாக நோக்கற்பாலது. பிரயோக மென்பொருளை எழுதுபவர் முதலில் நூலகத்திடம் எத்தனை பூட்டுகள் வேண்டும் எனக் கேட்கவேண்டும். அது நாற்பதளவிலான ஓர் எண்ணைக் கூறும். அத்தனை பூட்டுகளை அவர் தாமே உண்டாக்கி வரிசைப்படுத்தி, ‘இத்தனையாவது பூட்டைப் பூட்டு அல்லது திற’ என்ற கட்டளையை நிறைவேற்றும் சிறு நிரற்கூறொன்றை எழுதி நூலகத்திடம் ஒப்படைக்கவேண்டும். தற்போது ஓடுவது எந்த இழை என அறிவிக்கும் இரண்டாவது கூறொன்றையும் வழங்கவேண்டும். இழையின் அடையாளத்தை ஒரு முழுவெண்ணாகத் தருமாறு நூலகம் எதிர்பார்த்தது. எல்லா இயங்குதளங்களிலும் அவ்வடையாளம் எண்ணாக இருப்பதில்லையாதலின் 2010இல் வெளியான 1.0.0 பதிப்பு இதனைத் திருத்தியமைத்தது. ஒருவரும் அடையாளத்தை வழங்காதவிடத்து, கடைசிப் பிழையின் எண்ணைக் குறித்துவைக்கும் மாறியின் நினைவக முகவரியையே அடையாளமாகக் கொண்டது. ஒவ்வோரிழைக்கும் அம்மாறி வெவ்வேறிடத்தில் இருக்கும் என்பதே அதற்கு நியாயம். கெட்டித்தனமான ஏற்பாடுதான், ஆனால் எத்தகைய நெருக்கடியில் அது பிறந்திருக்கும் என்பதையும் அக்கெட்டித்தனமே காட்டுகிறது.

இவ்விரு கூறுகளையும் வழங்க மறந்தால் நூலகம் முறையிடுவதில்லை. பூட்டு இல்லாமலே அது ஓடும். சோதனைச் சாலையில் ஓடும், காட்சிக்கு வைத்தபோது ஓடும், பல மாதங்கள் ஓடும். பின் ஒருநாள் நெரிசல் மிக்க வேளையில் தொடர்பற்ற ஓரிடத்தில் நிலைகுலைந்து விழும். விழுந்த இடத்தை ஆராய்பவர் அவ்விடத்திற் குற்றம் எதனையும் காணமாட்டார். குற்றம் நிகழ்ந்தது வேறோரிழையில், வேறொரு கணத்தில்.

மறக்காமல் வழங்கியோரும் தப்பவில்லை. ஒரு செயன்முறைக்குள் அக்கூறுகளுக்கென இருந்தது ஒரேயோர் இருப்பிடமே. ஆனால் பெரிய நிரலொன்று தன்னுள் பல நூலகங்களைக் கொண்டிருக்கும். தரவுத்தளத்தோடு பேசும் நூலகம் ஒன்று, வலையோடு பேசும் நூலகம் மற்றொன்று; இரண்டும் உள்ளே அதே மறையீட்டு நூலகத்தையே நாடுகின்றன. இரண்டில் எது பூட்டை வழங்குவது? இரண்டும் வழங்கின், பின்னர் வந்தது முன்னதை அழித்துவிடும். போஸ்ற்கிறெஸ் தரவுத்தளத்தின் வாடிக்கையாளர் நூலகம் இதற்குத் தக்க சான்றாகும். அது தொடர்பு திறக்கும்போது தனது பூட்டுக் கூறுகளை நிறுவி, கடைசித் தொடர்பு மூடப்பட்டபோது அவற்றை நீக்கியது. அதே செயன்முறையில் பைதன் மொழியின் மறையீட்டுக் கூறும் இயங்கிக்கொண்டிருந்தால் என்னவாகும்? ஓரிழை பூட்டைப் பெற்று உள்ளே இருக்கையில் அப்பூட்டின் உரிமையாளரே மாறிவிடுவார். திறக்கும் கட்டளை சேரவேண்டிய இடத்தைச் சேராது. பூட்டு பூட்டியவாறே கிடக்க, பின்வரும் இழைகள் யாவும் அதன் வாயிலில் என்றென்றைக்குமாக நிற்கும். பிறர் ஏற்கெனவே நிறுவியவற்றை அழிக்கலாகாது என்னும் திருத்தம் அந்நூலகத்தில் 2015இலேதான் இடம்பெற்றது. தனித்தனியே நோக்கின் இரு தரப்பாரும் ஆவணம் கூறியவாறே ஒழுகியவர்கள் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

1990களில் இக்குறைபாடு பெரிதாக உணரப்படாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அன்றைய பொறிகளிற் பெரும்பாலானவை ஒரேயொரு செயலியை உடையவை. இழைகள் பலவாயினும் எந்தக் கணத்திலும் ஓடுவது ஒன்றே. மற்றவை முறைக்குக் காத்திருந்தன. இரண்டு இழைகள் மோதிக்கொள்வதற்கு, மாற்றம் நிகழும் கணம் துல்லியமாகத் தவறான இடத்தில் வாய்க்கவேண்டும். 2000களின் நடுப்பகுதியில் செயலியின் வேகத்தை மேலும் கூட்டுவது வெப்பத்தின் காரணமாக இயலாமற்போகவே, உற்பத்தியாளர் ஒரே சில்லில் பல செயலிகளை வைக்கத் தொடங்கினர். இன்ரெல்லின் இரட்டைக் கருச் செயலிகள் 2005இல் சாதாரண மக்களின் மேசைக்கு வந்தன. அன்றுவரை அரிதாயிருந்த மோதல் அன்றாட நிகழ்ச்சியாயிற்று. நிரலில் ஓரெழுத்தும் மாறவில்லை. உற்பத்திக் கருவி மாறியது. அதனோடு பழைய ஏற்பாட்டின் நியாயமும் மறைந்தது.

இத்தகைய பழுதுகள் எவ்வளவு வஞ்சகமானவை என்பதற்கு மறையீட்டுக்குப் புறம்பான எடுத்துக்காட்டொன்றைச் சுட்டலாம். தெரக்–25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பொறி 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு நோயாளருக்கு அளவு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சிற்று, உயிரிழப்பும் நேர்ந்தது. ரெக்சாஸ் மாநிலத்தின் ரைலர் நகர மருத்துவமனையில் நேர்ந்த விபத்துக்குக் காரணம், பொறியை இயக்குபவர் தரவைத் திருத்தும் விரைவைப் பொறுத்து நிரலின் இரு பகுதிகள் முரண்பட்டமையாகும். வேலையில் தேர்ந்து விரைவாகத் தட்டச்சுச் செய்தவரின் கையிலேயே பழுது வெளிப்பட்டது. அம்மருத்துவமனையின் பௌதிகவியலாளரும் பொறியை இயக்கிய பணியாளரும் மீண்டும் மீண்டும் முயன்றே அதனைத் திரும்ப நிகழ்த்திக் காட்டினர். மெதுவாகச் சோதித்தவர்க்கு எப்பழுதும் தென்படவில்லை.

மறையீட்டு நூலகத்தில் இத்தகைய முரண்பாட்டுக்கு ஒரு தனிப் பரிமாணம் உண்டு. சாதாரண நிரலில் ஓரெண் பிழைக்கும், அல்லது நிரல் விழும். எப்படியும் பிழை கண்ணிற்படும். மறையீட்டிலோ பிழை எதுவும் புலப்படாமலே இரகசியம் கசிந்துவிடலாம். இன்று பெருவழக்காயுள்ள மறையீட்டு முறைகளுட் சில, ஒவ்வொரு செய்திக்கும் ஒருமுறை மட்டுமே பயன்படும் எண்ணொன்றை வேண்டுகின்றன. இரண்டு இழைகள் ஒரே எண்ணியைப் பூட்டின்றி வாசித்து ஒரே எண்ணைப் பெற்றுக்கொண்டால் செய்திகள் ஒழுங்காகப் போய்ச் சேரும். வாடிக்கையாளர் எவரும் முறையிடார். ஆனால் இரு மறைபொருள்களையும் ஒட்டுக்கேட்டவன் மூலச் செய்திகளுக்கிடையிலான உறவை அறிந்துவிடுவான். ஜீ.சி.எம். என்னும் முறையில் அவ்வாறு எண் மீண்டும் வரின், செய்தியின் மெய்ம்மையை உறுதிசெய்யும் உட்சாவியே வெளிப்பட்டுவிடும் என்பதை பிரெஞ்சு மறையீட்டியலாளர் அன்ரொயின் ஜூ 2006இல் எடுத்துக்காட்டினார்.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. பழுது தேடிய நிரலாளர் பலர் ஏதேனும் ஒருகாலத்தில் எதிர்கொண்ட செய்தியொன்று, ‘மறைநீக்கம் தவறியது அல்லது பதிவின் மெய்ம்மைக் குறி பிழை’ என்பதாகும். நெறிமுறையை வகுத்தோர் இவ்வெச்சரிக்கையை எதிரி ஒருவன் வழியிற் புகுந்து செய்தியைத் திருத்தும் வேளைக்கென ஏற்படுத்தினர். நடைமுறையில் அது எழுந்த வேளைகள் பலவற்றில் எதிரி எவருமில்லை. ஒரு தொடர்பின் ஒவ்வொரு பதிவுக்கும் வரிசை எண் உண்டு. அவ்வெண் வழியே அனுப்பப்படுவதில்லை. இரு முனையினரும் தத்தம் பக்கத்தில் எண்ணிக்கொண்டு அதனை மெய்ம்மைக் குறியின் கணிப்பிற் சேர்த்துக்கொள்கின்றனர். தாய்ச் செயன்முறையொன்று தொடர்பைத் திறந்த பின்னர் தன்னைப் பிரதிசெய்து சேய்ச் செயன்முறையை உண்டாக்குகிறது எனக் கொள்வோம். இருவரிடமும் அதே சாவி, அதே எண், அதே குழாய் உள்ளன. தாய் ஏழாம் பதிவை அனுப்புகிறாள். சேயும் தன் கணக்கில் ஏழாம் பதிவை அனுப்புகிறது. மறுமுனை எட்டாவதை எதிர்பார்த்திருக்கிறது. குறி பொருந்தவில்லை, தொடர்பு துண்டிக்கப்படுகிறது. இரண்டு இழைகள் ஒரே தொடர்பிற் பூட்டின்றி எழுதினும் இதுவே கதி. வலையமைப்பைச் சந்தேகித்து, வடங்களை மாற்றி, சான்றிதழ்களைப் புதுப்பித்து நாட்களைச் செலவிட்டோர் பலர். தொடர்பு எந்தச் செயன்முறையில் எப்போது திறக்கப்பட்டது என்ற வினாவை எழுப்பியவரே விடையைக் கண்டனர். பிரதிசெய்த பின்னர் திறந்தால் சிக்கல் இல்லை.

பிரதிசெய்தலின் தொல்லை இன்னோரிடத்திலும் தலைகாட்டியது. எதிர்வுகூறவியலாத எண்களை உண்டாக்கும் பகுதி நினைவகத்தில் ஓர் இரகசிய நிலையைப் பேணுகிறது. தாயும் சேயும் அதே நிலையோடு புறப்படின் இருவரும் ஒரே ‘இரகசிய’ எண்களையே உண்டாக்குவர். இதனைத் தவிர்க்க நூலகத்தார் செயன்முறையின் இலக்கத்தையும் அக்கலவையில் சேர்த்துவந்தனர். 2006இல் டெபியன் தொகுப்பினர் நினைவகப் பிழைகளைத் தேடும் வல்கிறைண்ட் என்னும் கருவியின் முறைப்பாட்டை நீக்கும் பொருட்டு நூலகத்தின் இரண்டு வரிகளை அகற்றினர். முறைப்பாடு நின்றது. அதனோடு உண்மையான எதேச்சைத்தன்மை முழுவதும் கலவைக்குள் புகாது நின்றுபோயிற்று. எஞ்சியது அச்செயன்முறை இலக்கம் மட்டுமே. அதற்கு இருக்கக்கூடிய பெறுமானங்களோ 32,768. அத்தொகுப்பிலும் அதிலிருந்து பிறந்தவற்றிலும் உண்டாக்கப்பட்ட சாவிகள் யாவும் சில மணிநேரத்தில் எண்ணி முடிக்கத்தக்கனவாயின. 2008 மே மாதத்திலேயே இது வெளிப்பட்டது. பழுதைத் தேடும் கருவியின் சொல்லை அதன் காரணம் அறியாது நிறைவேற்றியதன் பயன் இது. ஒரு சிறு காப்பாகச் சேர்க்கப்பட்ட இலக்கமே கடைசியில் தனியொரு தூணாக எஞ்சியதையும் கவனிக்க.

இழைகளின் மோதலைத் தேடும் கருவிகளின் வளர்ச்சியும் இக்காலத்ததே. அவற்றின் கருத்தடிப்படை லெஸ்லி லம்போட் 1978இல் எழுதிய கட்டுரையில் உள்ளது. இரு நிகழ்வுகளில் எது முந்தியது எனக் கடிகாரத்தைக் கேளாது, ஒன்றிலிருந்து மற்றதற்குச் செய்தி சென்றிருக்கக்கூடுமா எனக் கேட்குமாறு அவர் பணித்தார். அவ்வாறு தொடர்புபடுத்தவியலாத இரு எழுத்துகள் ஒரே இடத்தைத் தீண்டின் அங்கே மோதல் உண்டு. 1997இல் வெளியான இறேசர் என்னும் கருவி வேறொரு வழியைக் கையாண்டது. பகிரப்படும் ஒவ்வோரிடமும் எந்தப் பூட்டின் காவலில் தீண்டப்படுகிறது எனக் கணக்கு வைத்து, பொதுவான பூட்டு எதுவுமில்லையெனின் எச்சரித்தது. இவ்விரு வழிகளினதும் வழித்தோன்றல்களே இன்று நிரலாளர் பயன்படுத்தும் கருவிகள். அவற்றின் சிறப்பு, மோதல் உண்மையில் நிகழுமட்டும் காத்திராது அதன் சாத்தியத்தையே கண்டறிவதாகும்.

கருவிகளும் கவனமும் கூடிய பின்னர் இன்னோர் உண்மை புலனாயிற்று. பிழைகள் யாவும் பயன்படுத்தியோரின் கவனயீனத்தால் விளைந்தவையல்ல. 2010 நவம்பரில் அறிவிக்கப்பட்ட பழுதொன்று, பல இழைகளோடு நூலகத்தின் உள்ளகச் சேமிப்பையும் பயன்படுத்திய சேவையகங்கள் அனைத்தையும் தாக்கியது. தனிச் செயன்முறைகளால் இயங்கியவை தப்பின. 2014 ஓகஸ்டில் அறிவிக்கப்பட்ட மற்றொன்றின்படி, பல இழைகளையுடைய வாடிக்கையாளர் நிரலொன்று தீய நோக்குடைய சேவையகத்தோடு பழைய அமர்வைத் தொடர முற்படின், ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட நினைவகத்தில் 255 பைற்றுகள்வரை எழுதப்படக்கூடும். 2015 ஜூனில் அறிவிக்கப்பட்டது ஒரே நினைவகத்தை இருமுறை விடுவிக்க வழிவகுத்தது. இம்மூன்றிலும் பிரயோக மென்பொருளை எழுதியவர் நாற்பது பூட்டுகளையும் பிசகின்றி வழங்கியிருந்தாலும் பயனில்லை. பூட்டு வழங்கப்பட்டது; அதனைப் பூட்டவேண்டிய இடத்தில் நூலகம் பூட்டவில்லை. ‘உங்கள் பூட்டுகளைச் சரிபாருங்கள்’ என்ற வழமையான விடையைப் பெற்றுத் திரும்பியோருள் எத்தனை பேர் குற்றமற்றவர்கள் என்பதை இனி எவரும் கணக்கிடவியலாது.

இருபது ஆண்டுகளாக இவ்வேற்பாடு ஏன் மாற்றப்படவில்லை? 2000களின் நடுப்பகுதிக்குள் இழைகளின் பொது நியமம் எங்கும் வேரூன்றிவிட்டது. தொழில்நுட்பத் தடை எதுவும் எஞ்சியிருக்கவில்லை. விடையை நூலகத்தின் பொருளாதார அடித்தளத்திலேயே தேடவேண்டும். 2014 ஏப்ரல் 7ஆந் திகதி ஹார்ட்பிளீட் என்னும் பெரும் பழுது வெளிவந்தபோது உலகம் ஓருண்மையை அறிந்து வியந்தது. இணைய வணிகத்தின் பெரும்பகுதி தங்கியிருந்த அந்நூலகத்துக்கு ஆண்டொன்றுக்குக் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ இரண்டாயிரம் டொலர். முழுநேரமாக அதிற் பணிபுரிந்தவர் ஒருவரே. எஞ்சியோர் வேறு தொழில் பார்த்துக்கொண்டு ஓய்வில் உழைத்தவர்கள். புதிய வசதிகளைச் சேர்ப்பதற்கு ஒப்பந்தப் பணம் கிடைத்தது. பழைய அத்திவாரத்தைத் தோண்டித் திருத்துவதற்கு எவரும் பணம் கொடுப்பதில்லை. பூட்டும் முறையை மாற்றுவதென்றால் நூலகம் முழுவதையும் தீண்டவேண்டும், உலகெங்குமுள்ள பிரயோகங்களோடு முரண்படும் அபாயத்தை ஏற்கவேண்டும். எனவே செலவு வெளியே தள்ளப்பட்டது. நூலகத்தில் ஒருமுறை செய்யப்படவேண்டிய உழைப்பு, ஆயிரக்கணக்கான பிரயோகங்களில் ஆயிரக்கணக்கான முறை, பெரும்பாலும் பிழையாகச் செய்யப்பட்டது. இதனால் இலாபமடைந்த பெருநிறுவனங்கள் அதன் விலையை எந்தக் கணக்கேட்டிலும் எழுதவில்லை. ஊதியமின்றி உழைத்தோரைக் குறைகூறுவது எளிது. அவ்வாறு கூறியோருட் பலர் அந்நூலகத்தை விலைகொடாது பயன்படுத்திச் செல்வம் ஈட்டியோர் என்பதையும் மறத்தலாகாது.

ஹார்ட்பிளீட் தானே இழைகளின் பழுதன்று. ஆயினும் இழைகளின் சிக்கல் தீர வழி திறந்தது அதுவே. அம்மாதமே லினக்ஸ் அறக்கட்டளை பெருநிறுவனங்களிடம் நிதி திரட்டும் திட்டமொன்றைத் தொடங்கிற்று. சில வாரங்களில் நூலகத்தின் இருவரை முழுநேரப் பணியாளராக்க நிதி ஒதுக்கப்பட்டது. 2016 ஓகஸ்ட் 25ஆந் திகதி 1.1.0 பதிப்பு வெளிவந்தது. அதில் நூலகம் இயங்குதளத்தின் பூட்டுகளைத் தானே எடுத்துக்கொண்டது. பயன்படுத்துவோர் வழங்கவேண்டியது எதுவுமில்லை. பழைய நிரல்கள் முறியாதிருக்கும் பொருட்டு, பூட்டுக் கூறுகளை ஒப்படைக்கும் பழைய கட்டளைகள் பெயரளவில் வைக்கப்பட்டன. உள்ளே அவை எதுவும் செய்வதில்லை. எத்தனையோ நிரலாளர் இரவுறக்கம் கெட்டு எழுதிய பகுதிகள் இவ்வாறு ஒரே நாளில் வெற்றுச் சடங்காயின. மற்றொரு மறையீட்டு நூலகமான லிப்ஜீகிறிப்ற் இதேவகை மாற்றத்தை 2013 இறுதியில் வெளியான தனது 1.6 பதிப்பிலேயே செய்துவிட்டது என்பதையும் பதிவுசெய்தல் தகும்.

சிக்கல் முடிவுற்றதா எனின், இடம் மாறியது என்பதே சரியான விடை. நூலகம் தனது பொதுச் சொத்துகளைத் தானே காக்கும். ஆனால் தனியொரு தொடர்பை இரண்டு இழைகள் ஒருங்கே பயன்படுத்தலாகாது என்ற விதி மாறவில்லை. பல தொடர்புகளுக்குப் பொதுவான அமைப்புத் தொகுதியை எல்லா இழைகளும் பகிரலாம். பகிரத் தொடங்கிய பின் அதில் மாற்றஞ் செய்யலாகாது. பிரதிசெய்தலின் தொல்லைக்கு மருந்தாக 2018இல் 1.1.1 பதிப்பில் எண்ணாக்கப் பகுதி புதிதாக எழுதப்பட்டது. அம்மருந்து வழமையான அமைப்பில் வேலை செய்யவில்லை என்பது 2019 செப்டெம்பரிலேயே கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது.

2021 செப்டெம்பரில் வந்த 3.0 பதிப்பு வேறொரு பாடத்தைக் கற்பித்தது. மறையீட்டு முறைகளை ஓட்டத்தின்போதே தேடி எடுத்துக்கொள்ளும் நெகிழ்ச்சியான அமைப்பொன்றை அது புகுத்திற்று. ஒவ்வொரு தேடலும் பொதுப் பட்டியலொன்றைத் தீண்டுகிறது. ஒவ்வொரு தீண்டலும் பூட்டொன்றை அல்லது பகிரப்பட்ட எண்ணியொன்றை வேண்டுகிறது. செயலிகள் பெருகப் பெருக வேலை விரைவதற்குப் பதிலாக, அவை யாவும் ஒரே வாயிலில் நெரிசற்பட்டன. ஹெச்.ஏ.புரொக்சி என்னும் சுமைபகிர்வு மென்பொருளின் ஆக்கத்தார் 2025இல் வெளியிட்ட விரிவான ஒப்பீடு இந்நெரிசலை அளந்து காட்டியது. பின்வந்த பதிப்புகளிற் சீர்செய்யப்பட்ட பின்னரும் 1.1.1இன் வேகத்தை அவை முழுமையாக எட்டவில்லை. அப்பழைய பதிப்புக்கான பொது ஆதரவோ 2023இல் முடிவுற்றுவிட்டது. வெளியே தள்ளப்பட்டிருந்தபோது எவருடைய கணக்கிலும் வராத செலவு, உள்ளே வந்தபின் அளக்கத்தக்கதாயிற்று. பெருநிறுவனங்கள் சில தமக்கெனக் கிளை நூலகங்களைப் பேணிவருகின்றன. அத்தகைய வசதி சிறு நிறுவனங்களுக்கு இல்லை.

அண்மைய நிகழ்ச்சியொன்று பைதன் மொழியைச் சார்ந்தது. அம்மொழியின் நிரல்கள் நெடுங்காலமாக ஒரேயொரு பெரும்பூட்டின் கீழ் இயங்கிவந்தன; எத்தனை இழைகள் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றே ஓடியது. 2024 ஒக்ரோபரில் வந்த 3.13 பதிப்பு அப்பூட்டை அகற்றிய வடிவமொன்றைச் சோதனையாக வழங்கியது. ஒரே பாதுகாப்புத் தொடர்பைப் பல இழைகள் தீண்டும்போது நிலைகுலைவு ஏற்படுவதைத் தடுக்க, பின்னர் தொடர்புக்கென ஒரு பூட்டு சேர்க்கப்பட்டது. 2025 ஓகஸ்டில் வெளியான 3.13.6 பதிப்பில், ஓரிழை மறுமுனையின் செய்திக்காகக் காத்திருக்கையிலும் அப்பூட்டைக் கையிற் பிடித்துக்கொண்டே இருந்தது. பதில் வரவேண்டுமாயின் முதலில் கேள்வி போகவேண்டும். கேள்வியை அனுப்பவேண்டிய மற்றைய இழையோ அதே பூட்டுக்காக வெளியே நின்றது. பெரும்பூட்டைக் கைவிடாது வழமையான வடிவத்தையே பயன்படுத்தியோரின் நிரல்களும் இவ்வாறு உறைந்துபோயின. இதனைத் திருத்துவதற்கென்றே 3.13.7 பதிப்பு, அட்டவணைக்கு முன்னதாக, எட்டு நாட்களில் வெளியிடப்பட்டது.